கார்ல கம்பெனி ஸ்டீரியோவ கழட்டிட்டு ஆண்ட்ராய்ட் செட் மாட்டறது: வயர வெட்டாம, வரிசை மாத்தாம

முதல் தடவை இந்த வேலைல இறங்கறவங்க பெரும்பாலும் ஒரு வீடியோ பார்த்துட்டு நேரா டாஷ்போர்ட புடுங்கறதுல ஆரம்பிப்பாங்க. புடுங்கினதுக்கு அப்புறம்தான் கப்ளர் (செட்டுக்குப் பின்னாடி வயரெல்லாம் சேர்ந்து சொருகற பிளக்) பொருந்தலன்னு தெரியும், கடை மூடியிருக்கும், மறுநாள் காலைல ஆபீஸ் போகணும், கட்டிங் பிளேயர் கைக்கு வந்துடும். வயர வெட்டற முடிவு இப்படித்தான் வருது, வேணும்னு யாரும் வெட்டறதில்ல. அதனால டாஷ்போர்ட்ல கை வைக்கறது இங்க ஆறாவதாத்தான் வரும்.

நான் எடுத்துக்கறது நம்ம ஊர்ல அதிகமா நடக்கற கேஸ். கம்பெனில வந்த சாதா செட்ட கழட்டிட்டு 9 இன்ச் ஆண்ட்ராய்ட் செட், கூடவே ரிவர்ஸ் கேமரா. வேற பிராண்ட் 2 டின் (டபுள் டின், அளவு கீழ வரும்) செட் மாட்டறவங்களுக்கும் வயரிங் இதேதான்.

1. உங்க கார்ல இது முடியுமான்னு பாருங்க

ஏசி கண்ட்ரோல், டிரைவ் மோட், கார் செட்டிங்ஸ் இதெல்லாம் கம்பெனி ஸ்கிரீனுக்குள்ளயே இருந்தா, இல்ல சிம் போட்ட கனெக்டட் கார், 360 டிகிரி கேமரா இருந்தா, இத விட்டுடுங்க. செட்ட எடுத்தா அந்த வசதி எல்லாம் சேர்ந்து போகும், மாத்து வழி இருந்தாலும் வீட்ல உக்காந்து பண்ற வேலை இல்ல அது.

சீட்டுக்கு அடியிலயோ டிக்கிலயோ கம்பெனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வந்த கார்களும் தனி ரகம். ஸ்பீக்கர் வயர் நேரா செட்டுல இருந்து போகாம ஆம்ப் வழியா போகும், அதுக்குன்னு இருக்கற அடாப்டர் இல்லாம மாட்டினா சவுண்டே வராது, இல்லன்னா இரைச்சலோட வரும்.

வாரன்டில இருக்கற காரா இருந்தா ஷோரூம்ல முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுடுங்க. வயர் வெட்டின தடயம் இருந்தா எலக்ட்ரிக்கல் சம்பந்தமா எது போனாலும் அதைக் காட்டியே கை விரிப்பாங்க.

2. செட்ட விட செட்டு கூட வர்ற சாமான் முக்கியம்

கடைக்குப் போகும்போது கார் பேரு மட்டும் போதாது, வருஷமும் வேரியன்ட்டும் வேணும். ஒரே காரோட டாப் மாடலுக்கும் பேஸ் மாடலுக்கும் பின்னாடி கப்ளர் மாறும், ஸ்டீரிங் பட்டன் இருக்கா இல்லையாங்கறதும் மாறும். சென்னைல ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனா வரிசையா கார் ஆக்சசரீஸ் கடைங்கதான், அங்க மாடலையும் வருஷத்தையும் சொன்னா ஃப்ரேமும் கப்ளரும் எடுத்து வெச்சுடுவாங்க. ஆன்லைன்ல வாங்கறவங்கதான் பெரும்பாலும் செட் மட்டும் வாங்கிட்டு முழிக்கறது.

வாங்க வேண்டியது இவ்வளவு: உங்க கார் மாடலுக்கான ஃப்ரேம், கப்ளர் டு கப்ளர் வயரிங் (ஒரு முனை கார் கப்ளர்லயும் இன்னொரு முனை செட்டுலயும் வெட்டாம அப்படியே சொருகறது), கேன் பஸ் (காரோட கண்ட்ரோல் யூனிட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற லைன்) உள்ள காரா இருந்தா அத செட்டுக்குப் புரியற மாதிரி மாத்தித் தர்ற கேன் பாக்ஸ், ஆன்டெனா பின் மாறுச்சுன்னா அடாப்டர். வோக்ஸ்வேகன், ஸ்கோடா மாதிரி கார்ல ஃபேக்ரான்னு சதுரமா ஒரு பின் வரும், சாதா உருண்டை பின்னு அதுல ஏறாது.

சைஸ் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு. சிங்கிள் டின்னா 180க்கு 50 எம்எம், டபுள் டின்னா 180க்கு 100 எம்எம், இது உலகம் முழுக்க ஒரே அளவு. 9 இன்ச், 10 இன்ச்சுக்கு இந்தக் கணக்கு கிடையாது, ஸ்கிரீன் முன்னாடி நிக்கும், ஃப்ரேம்தான் அத காரோட சேர்க்கும். ஃப்ரேம் தப்பா வந்தா செட் எவ்வளவு நல்லதா இருந்தாலும் சுத்தி இடைவெளி தெரியும், ரோட்ல குழில இறங்கும்போதெல்லாம் கடகடன்னு சத்தம் வரும்.

பெட்டில 4 x 50 வாட்ஸ்னு போட்டிருக்கறத பார்த்து மயங்க வேணாம், அது உச்சத்துல ஒரு கணம் வர்ற பவர். செட்டுக்குள்ள இருக்கற ஆம்ப் ஐசிய வெச்சு தொடர்ந்து கிடைக்கறது ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் பக்கம்தான். அது கம்பெனி ஸ்பீக்கருக்கு தாராளம்.

3. கைல இருக்க வேண்டிய டூல்ஸ்

பிளாஸ்டிக் ட்ரிம் டூல் ஒரு செட், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் நீளமா ஒண்ணு கட்டையா ஒண்ணு, பேட்டரி டெர்மினலுக்கு 10 எம்எம் ஸ்பேனர், மல்டிமீட்டர், கிரிம்பிங் பிளேயர் இல்லன்னா சால்டரிங் அயர்ன், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், துணி டேப், கேபிள் டை, தலைல மாட்டற டார்ச். ஸ்க்ரூ போட்டு வெக்க காந்தம் வெச்ச கிண்ணம் இருந்தா நல்லது, இல்லன்னா டீ கப் போதும்.

ட்ரிம் டூலுக்குப் பதிலா ஸ்க்ரூ டிரைவர் வெச்சு நெம்பறவங்க டாஷ்போர்ட்ல விடற கீறல் கார் விக்கற வரைக்கும் கண்ணுல படும். மல்டிமீட்டருக்குப் பதிலா பல்பு வெச்ச டெஸ்ட் லாம்ப் வேணவே வேணாம், பழைய வண்டிக்கு சரி, இப்ப வர்ற கார்ல ஏதாவது சென்சார் லைன்ல குத்தினா பல்பு இழுக்கற கரண்ட்டுக்கு கண்ட்ரோல் யூனிட்டே போக வாய்ப்பு இருக்கு.

4. வயரிங்க வீட்டு டேபிள் மேலயே முடிங்க

கப்ளர் டு கப்ளர் வயரிங் வாங்கிட்டீங்கன்னா இங்க சரிபார்க்கற வேலை மட்டும்தான். அது கிடைக்காத காருக்கு, கார் பக்கம் ஏறற கப்ளர் மட்டும் தனியா வாங்கி, செட்டோட வயர்ல நீங்களே சேர்க்கணும். டேபிள் மேல 20 நிமிஷத்துல முடியற அந்த ஜாயின்ட் வேலை, கார்ல தலைய கவுத்து வெச்சுட்டு பண்ணா ரெண்டு மணி நேரம் ஆகும், தரமும் பாதிதான் இருக்கும்.

வெளி மார்க்கெட் செட்டுல பெரும்பாலும் வர்ற கலர் இப்படி:

மஞ்சள்: சாவி எடுத்தாலும் வர்ற நிரந்தர 12 வோல்ட்.
சிவப்பு: ஏசிசி, சாவி திருப்பினா மட்டும் வர்ற 12 வோல்ட்.
கருப்பு: எர்த்.
நீலம்: ஆன்டெனா பவர். நீலத்துல வெள்ளைக் கோடு: வெளி ஆம்ப் ஆன் பண்ற லைன்.
ஆரஞ்சு அல்லது ஆரஞ்சுல வெள்ளைக் கோடு: பார்க் லைட் போட்டா ஸ்கிரீன் டிம் ஆகறதுக்கு.
வெள்ளை: முன் இடது ஸ்பீக்கர். கிரே: முன் வலது. பச்சை: பின் இடது. ஊதா: பின் வலது. ஒவ்வொண்ணுலயும் கருப்புக் கோடு இருக்கற வயர் நெகட்டிவ்.

இது செட் பக்கத்துக் கலர் மட்டும். கார் பக்கம் கம்பெனிக்கு கம்பெனி கலர் வேற, அங்க மஞ்சள பார்த்து மஞ்சளோட சேர்க்கறதுதான் நான் பார்த்ததுலயே அதிகமா நடக்கற தப்பு. செட்டோட மேல் பக்கம் ஸ்டிக்கர்ல பின் வரைபடம் இருக்கும், மேல சொன்ன லிஸ்டையும் அதோட ஒரு தடவை ஒப்பிட்டுக்கங்க.

மஞ்சளும் சிவப்பும் ஏன் தனித்தனியான்னு புரிஞ்சுட்டா பாதி பிரச்சினை வராது. மஞ்சள்தான் செட்டுக்கு சாப்பாடு, மெமரிய காப்பாத்தறதும் அதுதான், சிவப்பு வெறும் எழுப்பி விடற சிக்னல். ரெண்டையும் ஏசிசில போட்டா ஒவ்வொரு தடவையும் சாவி எடுத்தா ஸ்டேஷன், சவுண்ட் செட்டிங்ஸ், சிலதுல டைம் உட்பட மறந்துட்டு புதுசா பூட் ஆகும். ரெண்டையும் நிரந்தர லைன்ல போட்டா செட் தூங்கவே தூங்காது, ஊருக்குப் போயிட்டு நாலு நாள் கழிச்சு வந்தா வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ஜாயின்ட்ட முறுக்கி டேப் சுத்தறது வேணாம். சித்திரை வெயில்ல கார மூடி நிறுத்தினா டாஷ்போர்டுக்குள்ள இருக்கற சூட்டுல பிவிசி டேப்போட பசை இளகி வழியும், ஆறு மாசத்துல டேப் தானா அவுந்து வயர் வெளிய தெரியும். கிரிம்ப் பண்ணுங்க இல்லன்னா சால்டர் பண்ணுங்க, மேல ஸ்லீவ் போட்டு சூடு காட்டுங்க. சால்டர் பண்றவங்க ஜாயின்ட் பண்றதுக்கு முன்னாடியே ஸ்லீவ வயர்ல கோத்துடணும், இத மறந்துட்டு திரும்ப பிரிக்காத ஆள நான் பார்த்ததில்ல.

5. கார தயார் பண்றது

சமமான இடத்துல நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு வீலுக்கு கல்லு வெச்சுடுங்க. ஏன்னா பேனல் வெளிய வர கியர் லீவர் பின்னாடி இருந்தா வசதி, அதுக்கு கியர மாத்த வேண்டி வரும். ஆட்டோமேட்டிக் கார்னா பேட்டரி கழட்டறதுக்கு முன்னாடியே லீவர பார்க்ல இருந்து கீழ இறக்கிடுங்க, கரண்ட் இல்லாம அந்த லாக் விடாது.

ஒரு கண்ணாடிய இறக்கி விடுங்க, சாவி உங்க பாக்கெட்ல இருக்கட்டும். பேட்டரி மாட்டற நேரத்துல சில கார் தானா லாக் ஆகும், சாவி உள்ள மாட்டிக்கும்.

அப்புறம் பேட்டரி நெகட்டிவ கழட்டுங்க. பாசிட்டிவ முதல்ல கழட்டினா ஸ்பேனர் பாடில பட்ட உடனே பொறி பறக்கும், நெகட்டிவ் எடுத்துட்டா அந்த பயம் இல்ல. ஏர்பேக் சர்க்யூட்ல தேங்கியிருக்கற சார்ஜ் இறங்க ஒரு சில நிமிஷம் விட்டுட்டு ஆரம்பிங்க. சில கார்ல பேட்டரி கழட்டினா கம்பெனி செட் கோட் கேக்கும், நாளைக்கே பழச திரும்ப மாட்ட வேண்டி வரலாம், அந்த கோட் அட்டை எங்க இருக்குன்னு இப்பவே பார்த்து வெச்சுக்கங்க.

6. பேனல கழட்டறது

உங்க மாடலுக்கு எங்கெங்க ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்குன்னு முன்னாடியே பார்த்து வெச்சுக்கங்க. கிளிப் மட்டும்னா ட்ரிம் டூல ஓரத்துல நுழைச்சு கொஞ்சம் கொஞ்சமா சுத்தி வரணும், ஒரே மூலைய புடிச்சு இழுத்தா அந்த மூலை கிளிப் உடையும். ஒரு அளவுக்கு மேல வரலன்னா பலத்த கூட்டாதீங்க, எங்கயோ ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கு.

பேனல் கொஞ்சம் வெளிய வந்ததும் பின்னாடி கைய விட்டு ஹசார்ட் சுவிட்ச், ஏசி பேனல் கப்ளர கழட்டணும். வயர இழுக்காம கப்ளர்ல இருக்கற பூட்ட அமுக்கி எடுங்க. ஒவ்வொண்ணையும் கழட்டறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ.

இன்னொண்ணு, பேனல் வெளிய வந்ததும் அத திருப்பிப் பார்த்து மெட்டல் கிளிப் எல்லாம் பேனல்லயே இருக்கான்னு எண்ணுங்க. ஒண்ணு ரெண்டு டாஷ்போர்ட் ஓட்டையிலயே மாட்டிட்டு நிக்கும். அத பிளேயர்ல இழுத்து எடுத்து பேனல் காதுல திரும்ப சொருகணும், அப்படியே விட்டுட்டு மூடினா அந்த இடம் உக்காரவே உக்காராது, ஏன்னும் புரியாது.

செட்ட புடிச்சிருக்கற நாலு ஸ்க்ரூவ எடுத்து செட்ட முன்னாடி இழுத்து, பின்னாடி கப்ளர், ஆன்டெனா ரெண்டையும் கழட்டினா கழட்டற வேலை முடிஞ்சுது. பக்கத்துல இருக்கற இரும்பு பிராக்கெட்ட புது செட்டுக்கு மாத்தணும். பழைய ஸ்க்ரூவ விட நீளமானத போடாதீங்க, 8 எம்எம் தாண்டினா உள்ள போர்ட்ல இடிக்கும்.

7. கார் கப்ளர்ல மீட்டர் வைங்க

கப்ளர் டு கப்ளர் வாங்கினவங்களும் இத தாண்டக்கூடாது, பின் மாத்தி அடிச்சு வர்ற வயரிங் மார்க்கெட்ல இருக்கு. ஏசி பேனல், ஹசார்ட், ஏர்பேக் லைட் இருந்தா அது, எல்லாத்தையும் திரும்ப மாட்டிட்டு பேட்டரி நெகட்டிவ கொடுங்க. இத மாட்டாம இக்னிஷன் ஆன் பண்ணா ஸ்பீடோமீட்டர் பக்கத்துல ஏர்பேக் வார்னிங் லைட் எரியலாம், அப்புறம் அத அழிக்க ஸ்கேனர் தேடி போகணும்.

மீட்டர டிசி வோல்ட்டுல வெச்சு கருப்பு முனைய பாடி எர்த்துல வைங்க. சாவி இல்லாம 12 வோல்ட் காட்டறது மஞ்சளுக்கு. சாவி ஏசிசிக்கு வந்தா மட்டும் காட்டறது சிவப்புக்கு. பார்க் லைட் போட்டா மட்டும் காட்டறது ஆரஞ்சுக்கு. எர்த்த கன்டினியூட்டில வெச்சு பாருங்க, பீப் அடிக்கணும்.

ஸ்பீக்கர் வயர் எதுன்னு தெரியலன்னா, ரெண்டு ரெண்டா ஓம்ஸ்ல பாருங்க, 4 ஓம் பக்கம் காட்டினா அது ஒரு ஜோடி. அப்புறம் ஒரு 1.5 வோல்ட் பென்சில் செல்ல அந்த ஜோடில ஒரு கணம் தொட்டு எடுங்க, எந்த கதவுல இருந்து 'டப்'னு சத்தம் வருதோ அதுதான் அந்த ஸ்பீக்கர். கிரில் கழட்டி கோன பார்க்க முடிஞ்சா இன்னும் நல்லது: செல்லோட பாசிட்டிவ் பட்ட வயர் பாசிட்டிவா இருந்தா கோன் வெளிப்பக்கம் தள்ளும், உள்ள போச்சுன்னா மாத்தி தொட்டிருக்கீங்க. ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் பிளஸ் மைனஸ் மாறினாலும் சவுண்ட் வரும், ஆனா பேஸ் இல்லாம சப்புன்னு இருக்கும், நிறைய பேர் அதுக்கு செட்டத்தான் திட்டுவாங்க.

ஸ்பீக்கர் நெகட்டிவ் எல்லாத்தையும் சேர்த்து பாடி எர்த்துல போடற பழைய பழக்கம் இன்னும் சில பேருகிட்ட இருக்கு. இப்ப இருக்கற செட்டுல ஸ்பீக்கரோட ரெண்டு வயருமே ஆம்ப் அவுட்புட், ரெண்டுலயும் பேட்டரில பாதி வோல்டேஜ் நிக்கும், அத எர்த்துல போட்டா ஐசி ப்ரொடெக்ஷனுக்குப் போகும், அதிர்ஷ்டம் இல்லன்னா போயே போயிடும்.

எல்லாம் சரின்னா பேட்டரிய மறுபடி கழட்டிட்டு அடுத்ததுக்கு போங்க. சோம்பேறித்தனமா இருக்கும், கழட்டுங்க.

8. ஸ்டீரிங் பட்டன், மைக், ஜிபிஎஸ், ஆன்டெனா

ஸ்டீரிங் பட்டன் ரெண்டு விதம். ஒண்ணு ரெசிஸ்டர் வெச்சது, மீட்டர ஓம்ஸ்ல வெச்சு ஒவ்வொரு பட்டனா அமுக்கினா ஒவ்வொரு நம்பர் மாறும். அத செட்டுல கீ1, கீ2ன்னு எழுதியிருக்கற வயர்ல சேர்த்து, பட்டன் எர்த்தையும் கொடுத்துட்டு, செட்டிங்ஸ்ல போய் பட்டன அமுக்கிப் புடிச்சு ஸ்கிரீன்ல வேண்டிய வேலைய தொட்டா கத்துக்கும். இன்னொண்ணு கேன் பஸ் வழியா வர்றது, அதுக்கு கேன் பாக்ஸ் வேணும், ஃபேக்டரி செட்டிங்ஸ்ல உங்க கார் கம்பெனிய தேர்ந்தெடுக்கணும். அந்த ஃபேக்டரி செட்டிங்ஸ் பாஸ்வேர்ட செட் வாங்கும்போதே கேட்டு எழுதிக்கங்க, அப்புறம் கேட்டா போன் எடுக்க மாட்டாங்க.

வெளி மைக்க ஸ்டீரிங் காலம் மேல வைங்க. முன் பில்லருக்குள்ள வயர் விடறதா இருந்தா அங்க கர்ட்டன் ஏர்பேக் (பக்கக் கண்ணாடி ஓரமா விரியறது) இருக்கான்னு பாருங்க, இருந்தா அதுக்கு முன்னாடி குறுக்க வயர் போகவே கூடாது. ஜிபிஎஸ் ஆன்டெனா டாஷ்போர்டுக்குள்ள மேல் பக்கமா, வானத்த பார்த்த மாதிரி, மேல இரும்பு இல்லாத இடத்துல.

எஃப்எம் இழுக்கலன்னு வர்ற புகார்ல முதல்ல பார்க்க வேண்டியது நீல வயர். கூரைல குட்டி ஆன்டெனா இருக்கற நிறைய கார்ல உள்ள ஒரு பூஸ்டர் இருக்கும், அதுக்கு 12 வோல்ட் போகலன்னா பக்கத்து ஊரு ஸ்டேஷன் கூட கொரகொரன்னுதான் வரும்.

9. ரிவர்ஸ் கேமரா

கேமரா பவர ரிவர்ஸ் லைட்டுல இருந்து எடுங்க. கூட வர்ற நீள ஆர்சிஏ கேபிள்ல (கேமரா படத்த செட்டுக்கு கொண்டு வர்றது) ஒட்டின மாதிரி ஒரு மெல்லிசு சிவப்பு வயர் ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருக்கும், அத வேண்டாத வயர்னு வெட்டிடறாங்க. அதுதான் செட்டுக்கு 'ரிவர்ஸ் போட்டாச்சு'ன்னு சொல்றது: பின்னாடி ரிவர்ஸ் லைட் பாசிட்டிவ்ல, முன்னாடி செட்டோட ரிவர்ஸ் அல்லது பேக்னு எழுதின வயர்ல.

டிக்கி கதவுல வயர ரப்பர் குழாய்க்குள்ள விட்டுத்தான் எடுக்கணும். வெளிய தொங்க விட்டா கதவு இடுக்குல நசுங்கி மழைத் தண்ணிக்கும் வழி ஆகும். கேபிள் உள்ள போக மாட்டேங்கும், கொஞ்சம் சோப்புத் தண்ணி தடவி விறைப்பான கம்பில கட்டி இழுங்க.

படம் கருப்பா வந்தாலோ கலர் இல்லாம கோடு கோடா ஓடினாலோ கேமராவ மாத்த ஓடாதீங்க, செட்டிங்ஸ்ல கேமரா வகை ஏஹெச்டியா (ஹெச்டி படம்) சிவிபிஎஸ்ஸான்னு (பழைய சாதா படம்) மாத்திப் பாருங்க. இடம் வலம் மாறித் தெரிஞ்சா சில கேமராவுல அதுக்குன்னு சின்ன வயர் லூப் இருக்கும்.

ஹேண்ட்பிரேக் வயர் ஒண்ணு இருக்கும், வண்டி ஓடும்போது வீடியோ ஓடாம தடுக்கறது அது. நேரா எர்த்துல போட்டு விட்டுடறாங்க. ஹேண்ட்பிரேக் சுவிட்சுலயே கொடுங்க, ஓட்டறவருக்கு படம் எதுக்கு.

10. மூடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஓட்டிப் பாருங்க

செட் ஸ்லாட்டுக்கு வெளிய தொங்கிட்டு இருக்கும்போதே, கீழ ஒரு துணி போட்டு, ஏசி பேனல், ஹசார்ட் கப்ளர் எல்லாம் மாட்டி, பேட்டரி கொடுத்து வரிசையா பாருங்க. பேலன்ஸ் (இடது வலது), ஃபேடர் (முன் பின்) வெச்சு நாலு ஸ்பீக்கரையும் ஒண்ணொண்ணா. எஃப்எம். பார்க் லைட் போட்டா டிம் ஆகுதா. ரிவர்ஸ் கியர்ல கேமரா. ஒரு போன் கால் பேசி எதிர்ல இருக்கறவங்ககிட்ட குரல் தெளிவா இருக்கான்னு கேளுங்க. யூஎஸ்பில போன் மாட்டி ஆண்ட்ராய்ட் ஆட்டோ இல்லன்னா கார்பிளே. கடைசியா சாவிய எடுத்து, அஞ்சு நிமிஷம் விட்டு திரும்ப போட்டு, போட்ட செட்டிங்ஸ் அப்படியே இருக்கான்னு பாருங்க.

அவசரத்துல மூடிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்னு நினைக்கறவங்கதான் கிளிப்ப ரெண்டாவது தடவை கழட்டி உடைக்கறது.

11. மூடறது

பேட்டரிய எடுத்துட்டு மூடுங்க. ஆண்ட்ராய்ட் செட்டுல வயர் கட்டு ரொம்ப பெருசு, அத செட்டுக்கு நேர் பின்னாடி அமுக்கினா செட் உள்ள போகாது, பலமா தள்ளினா ஏதாவது ஒரு கப்ளர் கழண்டுக்கும். கட்ட க்ளவ் பாக்ஸ் பின்னாடி பக்கம் தள்ளி கேபிள் டை போடுங்க. அங்க ஏசி ஃப்ளாப் ஆடற பிளாஸ்டிக் கை இருக்கும், அதுல வயர் சிக்கினா ஏசி காத்து திசை மாறாது. கேன் பாக்ஸ், பெரிய கப்ளர் இதுக்கெல்லாம் துணி டேப் சுத்தி விடுங்க, இல்லன்னா வண்டி ஓடும்போது தட்டிட்டே இருக்கும். செட்டோட ஹீட் சிங்க் மேல வயர் படாம பார்த்துக்கங்க.

பேனல கைல தட்டித் தட்டி கிளிப் ஒவ்வொண்ணும் 'டக்'னு உக்காரற வரைக்கும் அமுக்குங்க. அப்புறம் பேட்டரி. ஆட்டோ விண்டோ இருக்கற கார்ல கண்ணாடி தானா ஏறறத மறந்திருக்கலாம், முழுசா ஏத்தி சுவிட்ச கொஞ்ச நேரம் புடிச்சிருந்தா பெரும்பாலும் சரியாயிடும். கடிகாரத்தையும் ஹசார்ட் லைட்டையும் பார்த்துடுங்க.

12. அடுத்த சில நாள்ல

காலைல ஸ்டார்ட் பண்ணும்போது செல்ஃப் இழுத்து இழுத்து சுத்துச்சுன்னா கரண்ட் லீக் ஆகுதான்னு பாருங்க. மீட்டர் வயர 10 ஆம்பியர் (10A) ஓட்டைக்கு மாத்தி, பேட்டரி நெகட்டிவுக்கும் கழட்டின கேபிளுக்கும் நடுவுல வெச்சு, கதவெல்லாம் மூடி அரை மணி நேரம் காரத் தூங்க விடுங்க. 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா கவலை இல்ல. அதுக்கு மேல நின்னா செட்டோட ஃபியூஸ் எடுத்துப் பாருங்க, உடனே இறங்குச்சுன்னா பிரச்சினை செட்டுலதான், சிவப்பு வயரையும் செட்டிங்ஸ்ல இருக்கற ஸ்லீப் நேரத்தையும் பாருங்க. மீட்டர் மாட்டியிருக்கும்போது வண்டிய ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

ஆக்சிலேட்டர் கூட்டக் கூட்ட ஸ்பீக்கர்ல 'ஙீ'ன்னு ஏறற சத்தம் கேட்டா பெரும்பாலும் எர்த் சரியில்லன்னு அர்த்தம், கருப்பு வயர பெயின்ட் சுரண்டின பாடி போல்ட்டுல தனியா கொடுத்துப் பாருங்க.

கழட்டின கம்பெனி செட், பிராக்கெட்டுல மிச்சமான ஸ்க்ரூ, கோட் அட்டை எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு பரண்ல வெச்சுடுங்க. வயர வெட்டாததால கார விக்கற அன்னிக்கு இத திரும்ப மாட்டிட்டு ஆண்ட்ராய்ட் செட்ட தனியா வித்துக்கலாம்.